சிக்கெடுக்கும் கம்பி

வரகன்குளத்தில் முடி வளர்க்கிறவர்களைவிட முடி பிரிக்கிறவர்கள் அதிகம். எங்கெங்கோ இருக்கிற ஊர்களில் யார் யாரோ தலைவாரி, சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றிச் சுவரிடுக்கில் செருகி வைக்க, அதைப் பலூனுக்கும் ஊக்குக்கும் பேரீச்சம்பழத்துக்கும் வாங்கிச் சாக்கில் அடைத்துச் சைக்கிள்காரர்கள் கொண்டுவந்து சேர்க்கிற இடம் அதுதான். ஊரின் கிழக்குக் கோடியில் அய்யாத்துரை அண்ணாச்சியின் தகரக் கொட்டகை நீளமாகக் கிடந்தது. அதற்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தேங்காய் நார்ப் பந்துபோல இறுகிய முடிச்சுருளை மடியில் போட்டு, ஊசியால் ஒவ்வோர் இழையாக இழுத்து, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் என்று அடுக்குவார்கள். வேரும் நுனியும் மாறிப்போனால் பிரித்த முடி மறுபடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு சுருளுக்கு ஒரு காலைப்பொழுது போகும். கழுத்து பிடிக்கும், கண் எரியும், வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டின்முன் உட்கார்ந்தாலும் விரல்கள் எதையோ பிரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஊரில் ஓர் ஆடி மாதக் காலையில் கொட்டகையைத் திறந்தபோது, மூலையில் கிடந்த சாக்குகளில் இருந்த சிக்கெல்லாம் தானாக விட்டிருந்தது. சாக்கின் வாயை அவிழ்த்ததும் முடி தண்ணீர்போலச் சரிந்து தரையில் ஓடியது. வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, பிரிச்சது யாரோ, இதுக்குக் கூலி யாருக்கு?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"பேய் பிரிச்சிருந்தா பேய் வந்து வாங்கிக்கிடட்டும்" என்றார் அய்யாத்துரை.

அவர் நிதானமான ஆள். சாக்குகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப்போட்டு, எது போனால் சிக்கு விடுவது நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு சாக்கின் அடியிலிருந்து அந்தக் கம்பியை எடுத்தார். சுண்டுவிரல் நீளம், முறுக்கிய எஃகுக் கம்பி, ஒரு நுனியில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குப்பி. முடி வாங்குகிற சைக்கிள்காரர்கள் பழைய இரும்பும் வாங்குவார்கள். அதில் தவறி வந்ததாக இருக்கும். எங்கோ குழாய்களின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடிக்கும் கருவிக்குள்ளிருந்து அது தொலைந்துபோனது என்பதும், அதைத் தொலைத்தவர்கள் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்பதும் பின்னால் தெரியவந்தது. அய்யாத்துரை அதற்கு நூல் கட்டிக் கொட்டகையின் நடுத்தூணில் தொங்கவிட்டார். நூல் முடிச்சு நிற்கவில்லை. மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்ந்தது. சரி என்று ஓர் எவர்சில்வர் தம்ளரில் போட்டுத் தூணிலிருந்த பலகைமேல் வைத்தார்.

ஆவணி பிறப்பதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கொட்டகையில் ஊசிகள் துருப்பிடித்தன. பெண்கள் சாக்கைத் தூணின் கீழே வைத்துவிட்டுத் தாயம் ஆடினார்கள், பிறகு எழுந்து சரிந்த முடியை அளவு பார்த்துக் கட்டினார்கள்; கட்டு நிற்காததால் களிமண் வைத்து ஒட்டினார்கள். சடை பின்னினால் பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது என்று பெண் குழந்தைகளுக்குத் தலைமுடியை விரித்தே விட்டார்கள். தலைமை ஆசிரியை முதலில் திட்டினார், பிறகு அவருடைய கொண்டையும் நிற்காமல் போனதும் விட்டுவிட்டார். கயிற்றுக் கட்டில்கள் தொய்ந்து தரையைத் தொட்டன, எல்லாரும் பாயில் படுத்தார்கள். ஆடுகளைக் கயிற்றில் கட்டுவது வீண் என்று பட்டி போட்டார்கள். ஆவணியில் ஒரு கல்யாணத்தில் தாலியின் மூன்று முடிச்சும் மாப்பிள்ளை கையை எடுத்த உடனே விட்டுப்போக, பெண்வீட்டார் அழ ஆரம்பிக்க, ஊர்ப் பெரியவர்கள் கலந்து பேசித் தம்ளரை ஓடைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கல்யாணத்தை நடத்தினார்கள். அதன்பிறகு அதுவே வழக்கமாகி, பத்திரிகையிலேயே "தம்ளர் ஓடை தாண்டிய பின் முகூர்த்தம்" என்று அச்சடித்தார்கள்.

தயிர் உறையாமல் போனதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது, அப்புறம் எல்லாரும் புளிச்சோற்றுக்கு மாறினார்கள். முட்டையைச் சட்டியில் உடைத்து ஊற்றினால் வெள்ளை கெட்டிப்படாமல் கொதித்துக்கொண்டே இருந்தது. கோழியை மாற்றிப் பார்த்தார்கள், சட்டியை மாற்றிப் பார்த்தார்கள், பிறகு முட்டை தின்பதை விட்டார்கள். தயிரும் முட்டையும் முடியும் ஒரே சங்கதி என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் தொழிலில் சிக்கு என்றால் கெட்டது. காலம் காலமாகச் சிக்கை எடுத்தே வயிறு கழுவியவர்களுக்கு, சிக்கை எடுக்கிற ஒரு பொருள் எப்படிக் கெட்டதாக இருக்கும்? மூட்டுப் பிடிப்புக்காரர்கள் தம்ளரின் கீழே வந்து உட்கார்ந்தார்கள், பங்காளிச் சண்டைக்காரர்கள் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். கூட்டம் தாங்காமல் போகவே, தெருக்குழாய்க்குப் போடுகிற முறையையே இதற்கும் போட்டார்கள். மேலக்கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்கு ஒரு வாரம், வாரம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரியிடம் தம்ளரைக் கொடுத்துவிட வேண்டும். பகலில் கொட்டகை, மற்ற நேரம் முறைக்காரர் வீடு.

புரட்டாசியில் அய்யாத்துரை ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பஞ்சை எடுத்தால் ரத்தம் வந்தது. துப்பினார், வந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், வந்தது. ரத்தம் உறைய மறந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் ஒரு சாக்கு முடியோடு, வெளுத்துப்போய்ச் செத்துக் கிடந்தார். பல் பிடுங்கியவன் வீட்டில் கல் விழுந்தது. தம்ளர் அடுத்த வீட்டுக்குப் போனது.

ஐப்பசியில் அது சீனியம்மாள் வீட்டுக்கு வந்தது.

அவள் புருஷன் திருப்பூரில் இருந்தான், ஊருக்கு வருவதை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவளும் மகள் கனிஷ்காவும்தான். கனிஷ்காவுக்குப் பதினோரு வயது, பேச்சு திக்கும். முதல் எழுத்து தொண்டையில் முள்போலக் குத்திக்கொண்டு நிற்க, கண்ணை மூடி, காலால் தரையை உதைத்து அதை வெளியே தள்ளுவாள். தன் பெயரைச் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம். பள்ளியில் வருகைப் பதிவின்போது பேசாமல் கையை மட்டும் தூக்குவாள். டவுன் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் வரச்சொல்லியிருந்தார்கள். வாராவாரம் போனால் கொட்டகை வேலை போய்விடும் என்று சீனியம்மாள் போகவில்லை. அது அவள் நெஞ்சில் எப்போதும் கிடந்தது.

தம்ளர் வந்த அன்றே அவள் கம்பியை எடுத்து, சிவப்புத் துணியில் பொதிந்து, முடிச்சுப் போட்டால் நிற்காது என்பதால் சுற்றிலும் சாக்கு ஊசியால் நெருக்கித் தைத்து, ரப்பர் வளையத்தில் கோத்து மகளின் கழுத்தில் போட்டாள். சட்டைக்குள், தொண்டைக்குழிக்குக் கீழே. பகலில் கொட்டகைக்குப் போனது வெறும் தம்ளர்தான்; கம்பி ஊருக்குள் எங்கிருந்தாலும் சிக்கு விட்டதால் யாரும் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கனிஷ்கா எழுந்து, "அம்மா, கனவுல நம்ம வீட்டுக் கூரையில ஒரு மயில் உக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுச்சு, நான் ஏணி வெச்சு ஏறிப் போயி, ஏ மயிலே, எங்கம்மாவுக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு சொன்னேன்" என்றாள். எங்கும் நிற்கவில்லை. சீனியம்மாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் பேசினாள். பள்ளிக்கூடத்தில் தன் பெயரைச் சொன்னாள், மறுபடி சொன்னாள், பாதை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைக்காரரிடம் பேரம் பேசினாள். பதினோரு வருஷமாக உள்ளே சுருண்டு கிடந்ததெல்லாம் நூல்கண்டுபோல உருண்டு வர, அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"இந்தப் பிள்ளைக்கா திக்கும்? நமக்குத்தான் இனிமே வாய் திறக்க வழி இல்ல" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி.

அடுத்த முறை பேச்சிக்கனி வீட்டுக்கு. அவள் நிறைமாதம். ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருந்தார்கள், அது அவள் காதில் ஏறவில்லை. தம்ளரை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிட்டால் கொடிச் சிக்கு விட்டுவிடும் என்று புரட்டாசியிலிருந்து நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் முடிந்த காலையில் வந்து வாசலில் நின்றாள்.

"மதினி, தம்ளரக் குடுங்க."

சீனியம்மாள் வெறும் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். "கம்பி இல்ல பேச்சி. கழுவுறப்போ சாக்கடையில போயிருச்சு. கைய விட்டுத் தேடிட்டேன். கெடைக்கல."

பேச்சிக்கனி தம்ளரின் உள்ளே பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் பார்த்தாள். உள்ளே கனிஷ்கா ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கடையில போனது ஒங்க வீட்டுக்குள்ளயே பாடம் சொல்லுதே மதினி."

"அவளுக்கு ஒரு தடவ சரியானது சரியானதுதான்."

"எம் பிள்ள மூச்சு முட்டி வந்துச்சுன்னா, ஒம் பிள்ள பேசப் பேச அது ஒன் காதுல கேக்கணும்" என்று சொல்லி, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். தெருவே பார்த்தது. குழாய் முறையில் ஏமாற்றினால் அந்த வீட்டோடு யாரும் பேசுவதில்லை. அதே தண்டனை சீனியம்மாளுக்கும் வந்தது. அவள் கவலைப்படவில்லை. பேச வீட்டில் ஆள் இருந்தது.

பேச்சிக்கனிக்குக் கார்த்திகையில் பெண் பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றித்தான் இருந்தது. நர்ஸ் ஒரு விரலை உள்ளே விட்டு, தலைக்கு மேலாக அதை எடுத்துப் போட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

அதே நாட்களில் கனிஷ்காவின் நெஞ்சில், சிவப்புப் பொட்டலம் பட்ட இடத்தில், வெயில் சுட்டதுபோல ஒரு சிவப்பு வந்தது. வேர்க்குரு என்று சந்தனம் பூசினாள் சீனியம்மாள். சிவப்பு கொப்புளமானது, கொப்புளம் உடைந்து தோல் வழன்று வந்தது. தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். விரித்துவிட்டிருந்த தலைமுடி கோதக் கோதக் கையோடு வந்தது. முடி பார்த்தே வாழ்ந்த சீனியம்மாள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாமே வேரோடு வந்திருந்தது. பொட்டலத்தை அறுத்துத் தம்ளரில் போட்டு மூடிவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடும்போதும் அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் புண்ணைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், எழுந்துபோய்ப் போன் செய்தார். மறுநாள் வரகன்குளத்துக்கு இரண்டு வண்டிகள் வந்தன. கையில் பெட்டி வைத்திருந்தவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் பெட்டி கறகறவென்று கத்தியது. கனத்த ஈயப் பாத்திரத்தில், நீளமான இடுக்கியால் கம்பியை எடுத்து வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் தெருவில் கயிறுகள் இறுகின. விடிந்தபோது ஊர் முழுக்கத் தயிர் உறைந்திருந்தது.

பெட்டியோடு கதிர் அளக்க வந்தவர்களுக்குத் தலைவி வசுமதி என்ற பெண். அவள் ஆஸ்பத்திரிக்கும் வந்து, வார்டுக்கு வெளியே சீனியம்மாளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தயிர் உறையல, முட்டை வேகலன்னப்பவே யாரும் சொல்லலையாக்கா?"

"பால்காரன்கூடச் சண்ட போட்டோம்" என்றாள் சீனியம்மாள். "எம் பிள்ளைக்கு உள்ள என்ன ஆச்சு? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்கம்மா."

வசுமதி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "உடம்பு முழுக்க இழைங்கதான். மணி கோத்த மாதிரி. அந்த மணிக்குப் பேரு அமினோ அமிலம், இருபது வகை. கோத்த இழைக்குப் பேரு புரதம். முடி, தோல், ரத்தத்த உறைய வைக்கிறது, புண்ண ஆத்துறது எல்லாம் அதுதான். ஆனா கோத்துக் கெடந்தா மட்டும் போதாது. ஒவ்வொரு இழையும் தனக்குன்னு ஒரு விதமா மடிஞ்சு சுருண்டு உக்காரணும். அப்பத்தான் அதால வேலை செய்ய முடியும். சில மணிகள்ல கந்தகம் இருக்கும், முடி கருகுனா வருதே ஒரு நாத்தம், அது அதுதான். கந்தகமும் கந்தகமும் கொக்கி போட்டு அந்த மடிப்பப் பிடிச்சு வெச்சிருக்கும்."

"சிக்கு மாதிரியா?"

"சிக்கு மாதிரிதான். அவசியமான சிக்கு."

சீனியம்மாளின் விரல்கள் மடியில் எதையோ பிரிக்கத் தொடங்கின.

"அந்தக் கம்பியிலருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருது. அது இழையவும் அடிக்கும். ஆனா நம்ம உடம்புல அதிகம் தண்ணிதானே, அதனால தண்ணியத்தான் அதிகமா அடிக்கும். ஒடைஞ்ச தண்ணித் துண்டு பசியோட அலையும், பக்கத்துல எது இருந்தாலும் அதுகிட்டருந்து பிடுங்கும். சீக்கிரமா மாட்டுறது கந்தக மணிங்க. கொக்கி போனா மடிப்பு விட்டுப்போகும். சில எடத்துல இழையே அறும். சில எடத்துல சேரக் கூடாத ரெண்டு ஒட்டிக்கும். கண்ணுக்குள்ள அப்படி ஒட்டினா வருஷம் போகப் போகப் பார்வையில பொகை படியும்."

"ஒடம்பு புதுசா செஞ்சுக்காதா?"

"செய்யும். ஆனா செய்றதும் புரதம்தான், ரிப்பேர் பாக்குறதும் புரதம்தான். எதைப் பாத்துச் செய்யணுமோ அந்த அச்சுலயும் அடி விழுந்திருக்கு." வசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அது பாதிக்கு மேல வலு போன சாமான். புதுசா இருந்திருந்தா ஒங்க ஊர்ல யாருமே மிஞ்சியிருக்க மாட்டாங்க."

"முடிச் சிக்க எடுத்துச்சே, அது எப்படி?"

"அது எங்க படிப்புல இல்லக்கா. உதிர்ந்த முடிய அது ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கொட்டகையில் தூணடியில் தாயம் ஆடிய பெண்களில் இரண்டு பேர் மார்கழிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்களை வண்டி வைத்து அழைத்துவந்து ரத்தம் எடுத்தார்கள். அய்யாத்துரையின் மகன் புதிய ஊசிகள் வாங்கிப்போட்டான், சாக்குகள் வந்தன, சிக்கு பழையபடி இருந்தது.

பேச்சிக்கனி கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தூக்குவாளியில் தயிர்ச்சோறு கொண்டுவந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று வராந்தாவிலேயே நின்றாள்.

"நீங்க எனக்குத் தராமப் போனதுக்கு ஒங்களக் கும்புடணுமா, அடிக்கணுமா? நீங்களே சொல்லுங்க மதினி."

"எதச் செஞ்சாலும் மெதுவாச் செய்யி. பிள்ள முழிச்சுக்கிடும்" என்றாள் சீனியம்மாள்.

பேச்சிக்கனி தூக்குவாளியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து கனிஷ்காவின் குரல் வந்துகொண்டிருந்தது.

அந்தக் குரல் நிற்கவே இல்லை. தொடையிலிருந்து தோலெடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள், அது பிடிக்காமல் வழன்றது. யார் யாருடைய ரத்தமோ ஏற்றினார்கள், ஏற்ற ஏற்றப் போதவில்லை. அவளோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மல்லாந்து படுத்தபடி, முடியில்லாத தலையோடு, தன்னைப் பார்க்க வந்த மயிலைப் பற்றியும், அந்த மயிலுக்கு உறவான மயில்களைப் பற்றியும், அவற்றின் வீட்டுச் சண்டைகளைப் பற்றியும், ஓர் எழுத்தில்கூட இடறாமல், ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி வழுக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். நர்சுகள், "எவ்வளவு அழகாப் பேசுது" என்றார்கள். கம்பி பட்ட எல்லாமே ஊரில் இறுகிவிட்டது, இவள் மட்டும் இறுகவில்லை. சீனியம்மாளுக்கு இப்போது அது என்னவென்று தெரியும். கொக்கி ஒன்றும் மிச்சமில்லாமல் பிள்ளை இழை இழையாக வாய்வழியே போய்க்கொண்டிருக்கிறாள்.

இதுநாள்வரை அவள் சாமிகளிடம் கேட்டது ஒன்றுதான், எம் பிள்ளைக்கு நாக்கு திருந்தணும் என்று. இப்போது கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதே சாமிகளிடம், ஒரு எழுத்து சிக்கட்டும், ஒரே ஒரு எழுத்து எங்கேயாவது மாட்டிக்கிடட்டும், அதுபோதும் எனக்கு என்று கேட்டாள். வசுமதியிடம்கூட இதைச் சொன்னாள். பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா என்றாள் வசுமதி. இருக்கட்டும் என்றாள் சீனியம்மாள்.

தை பிறந்து சில நாளில், கனிஷ்காவின் பேச்சு சன்னமானது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரு பகல் முழுக்க அவள் பேசவில்லை. டாக்டர் சீனியம்மாளுக்குப் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி, தடுப்புக்கு உள்ளேயே போய் உட்காரச் சொன்னார். ஏன் உள்ளே விடுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து, பிள்ளையின் பாதத்தை, காயமில்லாத அந்த ஒரு இடத்தை, பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலில் வெயில் ஏறியபோது கனிஷ்கா கண் திறந்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"த..." என்றாள். நின்றது. கண்ணை இறுக்க மூடினாள். சீனியம்மாளின் கைக்குள் அந்தப் பாதம் மெத்தையை உதைத்தது. "த... த... த... தண்ணி."

தண்ணீர் தலைமாட்டிலேயே இருந்தது. சீனியம்மாள் அதை எடுக்கவில்லை. குனிந்து, முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, "என்ன கேட்ட? திருப்பிச் சொல்லுட்டி" என்றாள்.

பிள்ளைக்குக் கோபம் வந்தது. மூக்கு விடைத்தது. சொல்லத் தொடங்கினாள், முதல் எழுத்திலேயே மறுபடியும் சிக்கியது. அது விடுவதற்குள் சீனியம்மாள் எழுந்து நின்று, தண்ணீரையும் மறந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.